ஸ்கேன் காட்டுவதும் காட்டாததும்: புரோஸ்டேட் புற்றுநோயில் சிகிச்சையை முடிவுசெய்தல்

புரோஸ்டேட் புற்றுநோய் எல்லோரிடமும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. சிலருக்கு அது பத்து ஆண்டுகள் கிடந்தாலும் தொந்தரவு தராது. அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டே வந்தால் போதும். சிலருக்கோ சுரப்பியின் உறையைத் தாண்டி, இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் எலும்புகளுக்கும் போகத் துடிக்கும். இந்த இரண்டாம் வகையை மருத்துவர்கள் ‘அதிக அபாயம்’ கொண்டது என்கிறார்கள். புரோஸ்டேட் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவு இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருப்பது, பயாப்ஸியில் செல்களின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 8 முதல் 10 வரை வருவது, கட்டி உறையைக் கிழித்து வெளியே வந்திருப்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள்.

இந்தியாவில் பி.எஸ்.ஏ. பரிசோதனையை ஊர்தோறும் செய்யும் அரசுத் திட்டம் எதுவும் இல்லை. சிறுநீர் சொட்டுச்சொட்டாகப் போவதையும் இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியிருப்பதையும் ‘வயசானா இப்படித்தான்’ என்று தள்ளிப்போடும் பழக்கமும் ஆண்களிடம் உண்டு. அதனால் இங்கே கண்டறியப்படும்போதே பலர் அதிக அபாய நிலையில்தான் இருக்கிறார்கள். 2020இல் உலகம் முழுக்க 14 லட்சமாக இருந்த புதிய புரோஸ்டேட் புற்றுநோயாளிகளின் எண்ணிக்கை 2040இல் 29 லட்சமாகும் என்று லான்செட் ஆணையம் 2024இல் கணித்தது. ஆயுள் கூடக் கூட இந்நோய் கூடும். தமிழ்நாடும் அதற்கு விலக்கல்ல.

நோய் உறுதியானதும் எழும் முதல் கேள்வி, அது எங்கெங்கே போயிருக்கிறது என்பது. சிகிச்சை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. சுரப்பிக்குள்ளேயே இருந்தால் அறுவையாலோ கதிர்வீச்சாலோ குணப்படுத்த முயலலாம். எலும்புகள் பலவற்றுக்குப் போய்விட்டிருந்தால் சுரப்பியை வெட்டி எடுப்பதால் பெரிய பயனில்லை. உடல் முழுதும் வேலை செய்யும் மருந்துதான் முதன்மை. இந்தக் கணிப்பு இரண்டு விதத்தில் தவறலாம். பரவிய நோயைப் பரவவில்லை என்று எண்ணி அறுவை செய்தால், பக்கவிளைவுகளை மட்டும் சுமந்து ஒரு வருடத்திற்குள் பி.எஸ்.ஏ. ஏறுவதைப் பார்க்க நேரிடும். பரவாத நோயைப் பரவியது என்று எழுதிவிட்டால், குணமாகக்கூடிய ஒருவர் ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பப்படுவார். இரண்டாவது தவறு வெளியே தெரியாது, ஆனால் கொடியது. கட்டி சுரப்பியைச் சுற்றிப் படர்ந்திருந்த 875 ஆண்களை வைத்து ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பத்தாண்டுக்குள் இந்நோயால் இறந்தவர்கள் 23.9 விழுக்காடு, கதிர்வீச்சும் சேர்ந்து பெற்றவர்களில் 11.9 விழுக்காடு.

பரவலைத் தேட நெடுங்காலம் இரண்டு ஸ்கேன்களே இருந்தன: சி.டி. ஸ்கேன், எலும்பு ஸ்கேன். சி.டி. நிணநீர் முடிச்சின் அளவைப் பார்க்கும். எட்டு முதல் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வீங்கியிருந்தால் சந்தேகம்; இல்லையென்றால் இல்லை. ஆனால் புற்றுசெல் குடியேறிய முடிச்சுகளில் பல அந்த அளவை எட்டுவதே இல்லை. எலும்பு ஸ்கேனில் செலுத்தப்படும் டெக்னீசியம் புற்றுநோயைக் காட்டுவதில்லை. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள முயலும் இடங்களைத்தான் காட்டுகிறது. பழைய எலும்பு முறிவும் தேய்ந்த மூட்டும்கூட அதில் கறுப்பாகத் தெரியும். வாழ்நாள் முழுக்கப் பாரம் தூக்கிய ஒருவரின் முதுகெலும்பைப் படம் எடுத்தால் எது நோய், எது தேய்மானம் என்று பிரிப்பது கடினம்.

இந்த இடத்தில்தான் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் வந்து சேர்ந்தது. புரோஸ்டேட் புற்றுசெல்லின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் ஏராளமாக இருக்கும். சாதாரண செல்லில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம், நோயின் வீரியம் கூடக் கூட இன்னும் அதிகம். அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூறை எடுத்து, அதில் கதிரியக்கக் காலியம்-68 அணுவைக் கோத்து, ரத்தக்குழாயில் ஊசியாகப் போடுவார்கள். ஒரு மணி நேரத்தில் அது உடலெங்கும் சுற்றி, புற்றுசெல் இருக்கும் இடங்களில் தங்கும். பிறகு பெட்-சி.டி. இயந்திரத்தில் படுக்கவைத்துத் தலையடியிலிருந்து தொடை வரை படம் எடுப்பார்கள். அரை மணிக்குள் முடிந்துவிடும். மற்ற புற்றுநோய்களுக்கு எடுக்கும் சர்க்கரை சார்ந்த பெட் ஸ்கேனைப் போல இதற்கு வெறும் வயிற்றோடு இருக்கத் தேவையில்லை. நிறையத் தண்ணீர் குடித்து, படமெடுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் போதும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் ஒளியே பக்கத்தில் இருப்பவற்றை மறைத்துவிடும்.

இந்த ஊசிமருந்தை உருவாக்கியது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள். 2011இல் முதல் நோயாளிக்குச் செலுத்தினார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 டிசம்பரில்தான் இதற்கு அனுமதி தந்தது. இந்திய மருத்துவமனைகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. காலியம்-68ஐத் தரும் ஜெர்மானியம் ஜெனரேட்டர் மேசைமேல் வைக்கக்கூடிய சிறு கருவி, ஒரு முறை வாங்கினால் பல மாதங்கள் ஓடும் என்பது அதற்கு ஒரு காரணம். கதிரியக்கப் பொருள் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இல்லாத ஊரிலும் இந்த ஸ்கேன் சாத்தியமானது அப்படித்தான்.

புதியது வந்தாலே பழையதைவிட மேல் என்று கொள்ள முடியாது; அளந்து பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் ஹாஃப்மன் தலைமையில் பத்து மருத்துவமனைகள் அதைச் செய்தன. அறுவையோ கதிர்வீச்சோ பெறவிருந்த அதிக அபாய நோயாளிகள் 302 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சி.டி.யும் எலும்பு ஸ்கேனும், மறு குழுவுக்குப் பி.எஸ்.எம்.ஏ. பெட்டும் எடுத்தார்கள். 2020இல் லான்செட்டில் வெளியான முடிவின்படி, பரவலைச் சரியாகக் கணித்த துல்லியம் பழைய ஸ்கேன்களுக்கு 65 விழுக்காடு, பி.எஸ்.எம்.ஏ. பெட்டுக்கு 92. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டுங்கெட்டான் அறிக்கைகள் 23 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறைந்தன. உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு அளவும் பாதிக்கும் கீழே இறங்கியது. சிகிச்சைத் திட்டம் மாறியவர்கள் பழைய முறையில் 15 விழுக்காடு, புதிய முறையில் 28. நான்கில் ஒருவருக்கு மேல் திட்டம் மாறுகிறது என்றால் அது சிறிய விஷயமல்ல. ஆனால் இந்த ஆய்வு அளந்தது படத்தின் துல்லியத்தை. நோயாளியின் ஆயுளை அல்ல. இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் விழுங்கிவிடுகின்றன.

பெட் ஸ்கேன் உடல் முழுதையும் பார்க்கிறது என்றால், சுரப்பியின் உள்ளே உற்றுப் பார்ப்பது எம்.ஆர்.ஐ. கட்டி எந்தப் பக்கம், உறையைத் தாண்டியிருக்கிறதா, விந்துப்பைக்குள் நுழைந்திருக்கிறதா, விறைப்புக்குக் காரணமான நரம்புக் கற்றைக்கு எவ்வளவு அருகில் என்பதை அது சொல்லும். நரம்பைக் காப்பாற்றி அறுவை செய்யலாமா என்பதை அறுவைநிபுணர் இதைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார். எம்.ஆர்.ஐ.யைப் பயாப்ஸிக்கு முன் எடுப்பது நல்லது. ஊசி குத்தியதால் உள்ளே கசியும் ரத்தம் பல வாரங்கள் படத்தைக் குழப்பும். கதிர்வீச்சுச் சிகிச்சையிலும் இதற்கு வேலை உண்டு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 571 பேரிடம் நடந்த ஃபிளேம் ஆய்வில், சுரப்பி முழுதுக்கும் 77 கிரே கதிர்வீச்சு தருவதோடு எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை ஏற்றிக் கொடுத்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தவர்கள் 85 விழுக்காட்டிலிருந்து 92 ஆக உயர்ந்தார்கள். பக்கவிளைவு குறிப்பிடும்படி கூடவில்லை.

இனி மும்பைக்கு வரலாம். இந்தத் துறையில் உலகம் திரும்பிப் பார்த்த இந்திய ஆய்வு டாட்டா நினைவு மருத்துவமனையில் வேதாங் மூர்த்தி குழு நடத்திய ‘பாப்-ஆர்.டி.’. ஊர்ப்புறத்தில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லப்படும் கதிர்வீச்சை எவ்வளவு இடத்துக்கு வைக்க வேண்டும் என்பதே அதன் கேள்வி. படத்தில் நிணநீர் முடிச்சுகள் சுத்தமாக இருக்கும் ஒருவருக்குப் புரோஸ்டேட்டுக்கு மட்டும் வைத்தால் போதுமா, இடுப்பு முடிச்சுகள் அனைத்துக்கும் சேர்த்து வைக்க வேண்டுமா? கதிர்வீச்சு மருத்துவர்கள் இதைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் சண்டை போட்டுவந்தார்கள். அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த முந்தைய ஆய்வுகள் தெளிவான விடை தரவில்லை.

மும்பைக் குழு ஆளைத் தேர்ந்தெடுத்த விதம் வேறு. முடிச்சுக்குள் நோய் இருக்கும் வாய்ப்பைக் கணிக்க, சான் பிரான்சிஸ்கோவின் மாக் ரோச் உருவாக்கிய எளிய கணக்கு ஒன்று உண்டு: பி.எஸ்.ஏ. அளவில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, கிளீசன் மதிப்பெண்ணில் ஆறைக் கழித்துப் பத்தால் பெருக்கிய எண்ணோடு கூட்ட வேண்டும். பி.எஸ்.ஏ. 30, கிளீசன் 8 என்றால் இருபதும் இருபதுமாக 40 விழுக்காடு. இந்தக் கணக்கில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். 2011 முதல் 2017 வரை 224 பேர். அவர்களில் 80 விழுக்காட்டினருக்குப் பி.எஸ்.எம்.ஏ. பெட் எடுத்து, முடிச்சிலோ எலும்பிலோ எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள். எல்லோருக்கும் 25 கதிர்வீச்சு அமர்வுகள், இரண்டு ஆண்டு ஹார்மோன் சிகிச்சை. வித்தியாசம் இடுப்பு முடிச்சுகளுக்கும் கதிர்வீச்சு போனதா இல்லையா என்பது மட்டும்.

2021இல் வெளிவந்த முடிவில், ஐந்தாண்டுகள் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறாமல் இருந்தவர்கள் புரோஸ்டேட்டுக்கு மட்டும் சிகிச்சை பெற்ற குழுவில் 81.2 விழுக்காடு, இடுப்பு முழுதும் பெற்ற குழுவில் 95. ஒட்டுமொத்த உயிர்பிழைப்பில் இரு குழுவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. சிறுநீர் சார்ந்த பிந்தைய தொந்தரவுகள் இடுப்புக் குழுவில் கூடுதல். ஒரே மருத்துவமனையில் நடந்த, அளவில் பெரிதல்லாத ஆய்வு என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் அது சொல்லும் சேதி கூர்மையானது. படத்தில் முடிச்சு சுத்தம் என்று வந்த பிறகும், முடிச்சுக்குச் சிகிச்சை தந்தவர்களே பயனடைந்தார்கள். காரணம் ஸ்கேனின் எல்லையில் இருக்கிறது. அமெரிக்காவில் அறுவைக்கு முன் பி.எஸ்.எம்.ஏ. பெட் எடுத்து, பிறகு முடிச்சுகளை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்ட 277 பேரின் ஆய்வும் 2021இல் வந்தது. ஸ்கேன் ‘இருக்கிறது’ என்று காட்டினால் அது பெரும்பாலும் சரி. ஆனால் முடிச்சில் உண்மையிலேயே நோய் இருந்தவர்களில் ஸ்கேன் பிடித்தது 40 விழுக்காட்டினரை மட்டுமே. சில மில்லிமீட்டருக்கும் குறைவான நோய்த்துளியை நம்பகமாகக் காணும் திறன் இன்றைய எந்த இயந்திரத்துக்கும் இல்லை. அப்படியிருக்க, ஒளிரும் இடத்துக்கு மட்டும் சிகிச்சை தந்தால் போதும் என்ற ஆசை படம் தெளிவாகத் தெளிவாக வளர்கிறது. மும்பை ஆய்வில் பெட் ஸ்கேன் உண்மையில் செய்த வேலை இன்னொன்று. ஏற்கெனவே எலும்புக்குப் போய்விட்டவர்களை அது வடிகட்டி வெளியேற்றியது. இடுப்புக்கு வைக்கும் கதிர்வீச்சால் பயன்பெறக்கூடியவர்கள் மட்டும் எஞ்சியதால் பயன் வெளியே தெரிந்தது. முந்தைய ஆய்வுகளில் இந்த இரு வகையினரும் கலந்து கிடந்ததால் அது மங்கிப்போயிருக்கலாம்.

‘இல்லை’ என்ற விடையைவிட ‘இருக்கிறது’ என்ற விடை நம்பத்தக்கது என்றாலும், அதிலும் பொறிகள் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், கல்லீரல், சிறுகுடல் எல்லாம் இயல்பாகவே ஒளிரும். வயிற்றின் பின்புறமுள்ள நரம்பு முடிச்சுகள் பார்வைக்கு நிணநீர் முடிச்சு போலவே இருக்கும். விலா எலும்பில் தனியாக ஒரு மங்கலான புள்ளி தெரிவது மிகச் சாதாரணம். குறிப்பாகக் காலியத்துக்குப் பதில் ஃபுளோரின்-18 சேர்ந்த சில ஊசிமருந்துகளில். அவற்றில் பல பழைய அடியின் தடம்தான். காசநோய் மிகுந்த நம் நாட்டில் காசநோய் முடிச்சும் பி.எஸ்.எம்.ஏ.யை ஈர்த்துப் புற்றுநோய் வேடம் போடும். ஒரே ஒரு விலாப் புள்ளியை வைத்து ஒருவருக்கு ‘நான்காம் நிலை’ என்று முத்திரை குத்துவது, குணமாகும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிப்பதற்குச் சமம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஊசி குத்திச் சோதிக்கலாம், அல்லது திட்டமிட்ட சிகிச்சையை நிறுத்தாமல் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். மறுபக்கம், பத்தில் ஒன்றுக்கும் குறைவான கட்டிகளில் இந்தப் புரதமே சரியாக இருப்பதில்லை. அவை பெரிதாக இருந்தும் படத்தில் இருட்டாகவே கிடக்கும்.

இன்னொரு சிக்கல் சான்றுகளின் வரலாற்றில் இருக்கிறது. இன்று கையிலிருக்கும் சிகிச்சைச் சான்றுகளில் பெரும்பகுதி பழைய ஸ்கேன்களை வைத்துச் சேர்த்தவை. பிரிட்டனின் ஸ்டாம்பீட் ஆய்வு, எலும்பில் சில இடங்களில் மட்டும் நோய் இருந்தவர்களுக்குப் புரோஸ்டேட்டில் கதிர்வீச்சு தந்தால் மூன்றாண்டு உயிர்பிழைப்பு 73 விழுக்காட்டிலிருந்து 81 ஆவதை 2018இல் காட்டியது. பரவாத அதிக அபாய நோயில் ஹார்மோன் சிகிச்சையோடு அபிராடெரோன் மாத்திரையை இரண்டாண்டு சேர்ப்பது பரவலைத் தடுக்கிறது என்பதும் அதே ஆய்வின் பின்னாளைய முடிவு. இரண்டிலும் ‘சில இடங்கள்’, ‘பரவவில்லை’ என்பவை சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சொன்னவை. அந்த ஆட்களுக்கே பி.எஸ்.எம்.ஏ. பெட் எடுத்திருந்தால் பலர் வேறு நிலைக்கு மாறியிருப்பார்கள். நோயாளியின் உடலில் எதுவும் மாறாமலே காகிதத்தில் நிலை மாறுகிறது. எனவே பழைய ஸ்கேன் ‘பரவவில்லை’ என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருவருக்கு, புதிய ஸ்கேனில் ஒரு சிறு புள்ளி கூடுதலாகத் தெரிந்ததால் குணப்படுத்தும் சிகிச்சையைக் கைவிட அவசரப்படக் கூடாது என்பதே அனுபவமுள்ள மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு. இடுப்பு முடிச்சு ஒன்றிரண்டு ஒளிர்ந்தால் அவற்றுக்குக் கூடுதல் கதிர்வீச்சும் நீண்ட ஹார்மோன் சிகிச்சையும் சேர்ப்பார்கள். எலும்பில் ஒன்றிரண்டு இருந்தால் மருந்தோடு புரோஸ்டேட்டுக்கும் அந்தப் புள்ளிகளுக்கும் கதிர்வீச்சு தருவதைப் பல மையங்கள் செய்கின்றன. உடலெங்கும் ஒளிர்ந்தால் மருந்துதான்.

அறுவைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. ஏறுபவர்களுக்கும் பெட் ஸ்கேன் வழிகாட்டுகிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் அசேஷ் ஜானி குழு 165 பேரிடம் நடத்திய ஆய்வில், வேறொரு வகைப் பெட் ஸ்கேனைப் பார்த்துக் கதிர்வீச்சுத் திட்டம் போட்டவர்களில் மூன்றாண்டு நோயின்றி இருந்தோர் 75.5 விழுக்காடு, பார்க்காமல் போட்டவர்களில் 63. ஸ்கேன் எடுப்பதாலேயே சிகிச்சையின் பலன் கூடுகிறது என்று குலுக்கல் முறையில் நிரூபித்த அரிய ஆய்வுகளில் இது ஒன்று.

நோய் முற்றி ஹார்மோனுக்குக் கட்டுப்படாமல் போனால், படம் எடுத்ததைப் போன்ற ஒரு மூலக்கூறில் காலியத்துக்குப் பதில் லுடீசியம்-177ஐக் கோத்துச் சிகிச்சையாகவே செலுத்தலாம். படத்தில் ஒளிர்ந்த இடத்துக்கே அது போய்ச் சேரும். ஒளிராதவருக்கு அது பயனில்லை. இங்கே ஸ்கேன்தான் நுழைவுச்சீட்டு. இந்த லுடீசியம் டிராம்பேயின் துருவா அணு உலையில் இந்தியாவிலேயே தயாராகிறது.

திருச்செங்கோடு போன்ற சிறு நகரிலிருந்து பார்த்தால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தூரம் நிற்கிறது. காலியம்-68இன் அரை ஆயுள் 68 நிமிடம். கோயம்புத்தூரில் தயாரித்து இரண்டரை மணி நேரம் காரில் கொண்டுவந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஃபுளோரின்-18க்கு 110 நிமிடம். அதில் நாற்பது விழுக்காடு வரை தேறும். அதனால் மருந்தை நோயாளியிடம் கொண்டுவருவதைவிட நோயாளியே மருந்து இருக்கும் இடத்துக்குப் போவதுதான் நடைமுறை. ஈரோடும் சேலமும் பஸ்ஸில் சீக்கிரம் எட்டும் ஊர்கள். பி.எஸ்.ஏ., பயாப்ஸி, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றை அங்கேயே முடித்துக்கொண்டு, ஒரு நாள் வேலையாகப் பெட் ஸ்கேனுக்கு மட்டும் பெரிய மையத்துக்குப் போய் வரலாம். கதிர்வீச்சு அப்படியல்ல, பெரும்பாலும் ஐந்து வாரமோ அதற்கு மேலோ, வார இறுதி தவிர ஏறக்குறைய நாள்தோறும் போக வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் இருக்கும் தொழிலில் உள்ளவர்கள் அந்த வாரங்களை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்ளாவிட்டால் சிகிச்சை நடுவில் அறுந்துபோகும்.

வரிசையும் முக்கியம். பயாப்ஸி முடிவு வந்த அன்றே ஹார்மோன் ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது உண்டு. ஹார்மோனைக் குறைத்தால் கட்டி சுருங்கும், பி.எஸ்.எம்.ஏ. ஈர்ப்பும் மாறும், சில மாதங்களுக்குப் பின் எடுக்கும் படத்தில் முதலில் எங்கெல்லாம் இருந்தது என்பது அழிந்துபோயிருக்கும். முதுகுத்தண்டு அழுந்திக் கால் மரத்துப்போவது, சிறுநீர் முற்றாக அடைத்துக்கொள்வது போன்ற அவசரம் இல்லாதவரை ஸ்கேனை முதலில் எடுத்துவிடுவது நல்லது. ஓரிரு வாரத் தாமதத்தால் நோய் கைமீறிப் போவதில்லை. ஹார்மோன் ஊசிக்குப் பதிலாக விதைகளை நீக்கும் சிறு அறுவை, செலவு குறைவு என்பதால் இங்கே அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. பரவிய நோயில் அது நல்ல சிகிச்சையே. ஆனால் திரும்பப் பெற முடியாதது என்பதால், பரவல் உறுதியாகும் முன் அதைச் செய்யக் கூடாது.

பெட் ஸ்கேனுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள், எந்தப் பரிசோதனை எந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வரும் என்பதைப் போவதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். அபாயம் குறைந்த வகை நோய் உள்ளவருக்கு இந்த ஸ்கேன் பெரும்பாலும் தேவையே இல்லை. செலவும் குழப்பமுமே மிச்சம். பெரிய மையத்துக்குப் போகும்போது எழுத்து அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் பயாப்ஸிக் கண்ணாடித் தகடுகளையும் எடுத்துச்செல்ல வேண்டும். அறிக்கையில் ‘சந்தேகம்’ என்று எழுதியிருக்கும் ஒரு புள்ளியை, கதிர்வீச்சு மருத்துவர், அறுவை மருத்துவர், அணு மருத்துவ நிபுணர் மூவரும் படத்தையே நேரில் பார்த்துப் பேசினால்தான் தீர்க்க முடியும். சிகிச்சை முடிந்த பிறகு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பி.எஸ்.ஏ. பார்த்துவந்தால் போதும், அது ஏறாதவரை மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை.